கடந்துபோன நரம்பும் என் மகளின் முதற்பல்லும்

வெள்ளிக்கிழமைகளில் நான் முட்டை உடைக்கிறேன். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டுக் குசினிப் பக்கம் வெள்ளிக்கிழமை முட்டை தலைகாட்டாது. இங்கே ஒஸ்லோவில், அடைவைத்த கோழி முட்டைகள் வெள்ளிதோறும் என் மேசைக்கு வருகின்றன. கோதில் சின்னதாக ஒரு யன்னல் வெட்டி, முளையத்தின் முதுகுத்தண்டில் நரம்புகள் எப்படி வழி கண்டுபிடிக்கின்றன என்று பார்ப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை.

நரம்புக் கலத்தின் நீளும் நுனியில், வாங்கிகள் (receptors) என்கிற புரதங்கள் இருக்கின்றன. வழியில் கசியும் இரசாயனச் சைகைகளை அவைதான் பிடித்துக்கொள்கின்றன. ஒரே சைகை ஒரு கலத்தை இழுக்கும், இன்னொன்றைத் துரத்தும்; எல்லாம் அந்தக் கலம் எந்த வாங்கியை வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. சில நரம்புகள் முதுகுத்தண்டின் நடுக்கோட்டைக் கடந்து மறுபக்கம் போகும். கடந்ததும் வாங்கிகளை மாற்றிக்கொள்ளும். முன்பு இழுத்த கோடே இப்போது தள்ளும், அதனால் அவை திரும்பி வராது. ஆனால் கலத்தின் உடல் புறப்பட்ட பக்கத்திலேயே இருக்கும். இடையில் அறுத்தால், கடந்துபோன பகுதி செத்துவிடும்.

மகளுக்கு ஆறு மாதமானபோது, ஹெல்சஸ்தஷூன் என்கிற குழந்தை நல நிலையத்துத் தாதி, வீட்டில் என்ன மொழி என்று கேட்டார். தமிழ் என்றேன்.

"நொர்வே மொழி மட்டும் போதும். இல்லையென்றால் பிள்ளை குழம்பிவிடும்."

"குழம்பட்டும்," என்றேன்.

எனக்கு விளங்கவில்லை என்று நினைத்துவிட்டார். அதே வசனத்தை மெதுவாகவும் சத்தமாகவும் இன்னொரு தரம் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த மாதம் கீழ்வரிசையில் இரண்டு பற்கள் முளைத்தன. முதற்பல் வந்த பிள்ளைக்குச் செய்கிற சடங்குக்கு, பல்லுக்கொழுக்கட்டை கொட்ட ஊருக்குப் போனோம். அண்ணையின் மனைவி, மச்சாள், என் மகளின் தலையில் வெள்ளைத் துணி போட்டு, மேலே கொழுக்கட்டையைச் சொரிந்தார். முன்னால் தட்டில் புத்தகம், பேனை, சங்கிலி. பிள்ளை எதை முதலில் எடுக்கிறதோ அதுதான் அதன் எதிர்காலமாம். அண்ணை என் கைப்பைக்குள் கிடந்த மகளின் சிவப்புக் கடவுச்சீட்டை எடுத்துத் தட்டின் நடுவில் வைத்தார்.

"உதை ஏன் அண்ணை வைக்கிறியள்?"

"வேறை என்னத்தை வைக்கிறது? இஞ்சை கிடந்து நாங்கள் என்னத்தைக் கண்டம்? இவள் அந்த நாட்டுப் பிள்ளையாவே வளரட்டும். தமிழைச் சொல்லிக்குடுத்துக் குழப்பாதை."

தாதி சொன்னதையே என் கூடப்பிறந்தவரும் சொல்கிறார்.

"ஓம், நான் கடந்திட்டன். திரும்பி வரவும் மாட்டன். அதுக்காக அறுத்துவிடச் சொல்லுறியளே? அறுத்தால் அங்கை இருக்கிறது செத்துப்போகும் அண்ணை. அதைத்தான் நான் அங்கை நாள்முழுக்கப் பாக்கிறன். இவளுக்கு ரெண்டையும் குடுப்பன். எதைப் பிடிக்கிறது எண்டது இவளின்ரை பாடு."

அண்ணை கடவுச்சீட்டைத் தட்டிலிருந்து எடுக்கவில்லை. மகள் தவழ்ந்துபோய் நேரே அதைத்தான் தூக்கினாள். அண்ணையின் முகம் மலர்ந்தது. மற்றக் கையில் நசுங்கிய கொழுக்கட்டையோடு சேர்த்து, விரிந்துகொண்ட அதை அவள் வாயில் வைத்து ஒரே கடியாகக் கடித்தாள்.

ஒஸ்லோ விமான நிலையத்தில் அதிகாரி, படம் உள்ள பக்கத்தைத் தடவிப் பார்த்தார். ஓரத்தில் இரண்டு பல்லின் தடம். படத்துக்குப் பக்கத்தில் கொழுக்கட்டையின் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் காய்ந்து ஒட்டியிருந்தன.

"யார் இப்படிச் செய்தது?"

"கடவுச்சீட்டுக்கு உரியவள்தான்," என்றேன்.

அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். சர்க்கரை விடவில்லை.