தகரத் தேவாலயத்தின் நடுக்கம்பி

1. லண்டன் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் நம்மவர்கள் பூசைக்குக் கூடும் தகரத் தேவாலயத்தின் பக்கச்சுவர் வெளிப்புறம் சாயத் தொடங்கியது.
2. அத்திவாரம் இறங்குகிறது, அப்படியானால் கட்டடத்தை மூடத்தான் வேண்டும் என்றார் என் மேலதிகாரி.
3. அளவெடுக்க என்னை அனுப்பினார். ஸ்ட்ரக்சரல் எஞ்சினியராக நான் தனியே பார்த்த முதல் பழைய கட்டடம்.
4. உள்ளே போனதும் அளப்பதையே மறந்துவிட்டேன்.

விக்டோரியா காலத்தில் இத்தகைய தேவாலயங்களை லண்டனில் பாகம் பாகமாகச் செய்து, குடியேற்ற நாடுகளுக்குக் கப்பலில் அனுப்பினார்கள். சிலவற்றை இங்கேயே பொருத்தி நிறுத்தினார்கள். வெளியே நெளிதகரம், உள்ளே பைன் பலகை, கூர்வளைவு ஜன்னல்கள். பொருத்துகிறவர்கள் குழம்பாதிருக்க ஒவ்வொரு கூரைச் சட்டத்திலும் எண் வெட்டியிருந்தது. கழுத்து வலிக்க அண்ணாந்து ஒவ்வொன்றாகப் படித்தேன்.

ஒவ்வொரு சட்டத்தின் கீழும் இரு சுவர்களையும் இழுத்துப் பிடிக்கும் இரும்புக் கம்பி ஒன்று உண்டு. டை ராட் என்போம். நடுச் சட்டத்தில் மட்டும் வெறும் துளைகள். சுவர் சாய்ந்ததும் சரியாக அந்த இடத்தில்தான். அப்படியானால் அத்திவாரத்தில் பிழை இல்லாமல் இருக்கலாம்.

சபைப் பொறுப்பாளர் யேசுதாசன் அண்ணையைக் கேட்டேன். மன்னார்க்காரர், பிளம்பர்.

"அண்ணை, இதில ஒரு கம்பி இருந்ததெல்லோ?"

"ஓம் தங்கச்சி. நாங்கள்தான் கழட்டினனாங்கள். திருநாளுக்கு முந்தின ஒன்பது நாள் நவநாளுக்கு மாதாவின்ர சுரூபக் கூட்டை நடுவில, மேசைக்கு மேல வைக்கிறனாங்கள். கூட்டின்ர முடி கம்பியில முட்டினது."

"அதுக்காகக் கழட்டுறதே?"

"மாதாவைக் குனியச் சொல்ல ஏலுமே?"

பீடத்தில் பூ அடுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி ஜெசிந்தா அக்கா திரும்பாமலே சொன்னார்: "மேசையை ரண்டடி தள்ளி வையுங்கோ எண்டு அப்பவே சொன்னனான். இவருக்கு ஸ்பானர் கையில இருந்தாக் காது கேளாது."

"கம்பி எங்க அண்ணை?"

"எறியேல்லை. பின் அறையில கிடக்கு."

துருவைச் சுரண்டினேன். நடுச் சட்டத்தின் அதே எண் கம்பியிலும் இருந்தது. உடனே மேலதிகாரிக்குப் படம் அனுப்பினேன். அத்திவாரத்தைத் தோண்டிப் பார்த்தோம், உறுதியாக இருந்தது. சுவருக்கு முட்டுக் கொடுத்து, கம்பியைச் சோதித்துப் பூட்டி, சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம்.

இளம் எஞ்சினியர்களுக்கு ஒன்று சொல்வேன்: கட்டடம் சாய்ந்தால் மண்ணைச் சந்தேகிக்குமுன், அங்கே திருநாளை எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று கேளுங்கள்.

சுவர் முழுதாக நிமிரவில்லை. ஆனால் மேற்கொண்டு சாயவில்லை. தேவாலயம் திறந்திருக்கிறது, ஞாயிறு பூசை நடக்கிறது.