அர்ச்சனைத் தட்டில் ஒரு குப்பி

கிள்ளான் கார்த்திகேசுவிடம் எந்தச் சரக்கைக் கொடுத்தாலும் மறுகேள்வி கேட்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பார். ஆய்வுக்கூடங்களுக்கு வேண்டியதை வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேன் ஓட்டுநர். விமான நிலையத்தில் பெட்டியை எடுப்பது, கோலாலம்பூரில் இறக்குவது. உள்ளே இருப்பது தங்கமா தவிடா என்று அவர் பார்த்ததில்லை.

பார்க்க வைத்தது மகள் தாமரையின் நோய். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்குக் கை கால் தளர்ந்து, கண்ணிமையைக்கூடத் தூக்க முடியாமல் போனது. உடம்புக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் கோளாறு, மருந்து கிடையாது என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். அந்தச் சொல்லை மனுஷர் மனப்பாடம் செய்துவைத்திருந்தார். அதே சொல் ஒரு நாள் ஒரு பெட்டியின் மேல் ஒட்டியிருந்தால் சும்மா இருப்பாரா?

பெட்டியை வாங்கிக்கொண்ட ஷார்மைனிடம் கேட்டார். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும், கோலாலம்பூர் செந்தூல் பகுதிப் பெண் அவள்.

"இது மருந்து இல்ல லா, அங்கிள். நம்ம மைட்டோகாண்ட்ரியாவில இருக்கிற புரதம். அதை பாக்டீரியாவுக்குள்ள வளர்த்து எடுத்து அனுப்புறாங்க. ஒரு புது மருந்து இதுல ஒட்டுதான்னு டெஸ்ட் பண்றோம்."

"ஒட்டுனா?"

"உங்க மக மாதிரி ஆளுங்களுக்கு ஒரு வழி பிறக்கலாம். ஆனா ரொம்ப வருஷம் ஆகும்."

வழி பிறக்கும் என்றது காதில் ஏறியது. வருஷம் ஏறவில்லை. அன்றே தாமரையிடம் சொன்னார். அதிலிருந்து தினமும் அவர் வேலை முடிந்து வந்ததும், "அந்த அக்கா என்னப்பா சொன்னாங்க?" என்று கேட்பாள்.

அடுத்த பெட்டி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. புதுக் கார் என்றால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், பரீட்சை என்றால் பேனாவுக்குப் பூஜை. எதையும் சாமி காலடியில் வைத்து எடுத்தால்தான் நம் ஆட்களுக்கு நெஞ்சு ஆறும். பிரிக்பீல்ட்ஸ் கோயில் பக்கம் வேனை நிறுத்தினார். மூடின பெட்டிக்கு எப்படி அர்ச்சனை செய்வது? சரக்கு உறைந்தபடியே இருக்கப் பெட்டிக்குள் அடைத்திருந்த ட்ரை ஐஸுக்குள்ளிருந்து, புரதம் இருந்த சின்னக் குப்பியை எடுத்துத் தேங்காய் பழத்தோடு தட்டில் வைத்தார். நல்ல கூட்டம். ஐயர் தாமரையின் பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லி முடிப்பதற்குள் குப்பிக்குள் உறைந்திருந்தது உருகிவிட்டது. திரும்ப ஐஸில் வைத்தார். திரும்ப உறைந்தது. பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பாவி மனுஷருக்கு அதில் நிம்மதி வேறு.

சில வாரம் கழித்துப் போனபோது ஷார்மைன் முகம் வாடியிருந்தது.

"ஒட்டவே இல்ல அங்கிள். புரொபசர் ஆய்வையே மூடச் சொல்லிட்டாரு."

கார்த்திகேசுவுக்குக் கோயில் தட்டு நினைவுக்கு வந்தது. "மிஸ், அது ஒரு தடவ உருகிட்டு மறுபடி உறைஞ்சா என்னா ஆகும்?"

"கெட்டுப் போயிடும். ஏன் கேக்குறீங்க?"

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்த மருந்தின் மேல் பழி நிற்கும், வழி அடைபடும். சொல்லிவிட்டார். ஒன்றையும் மறைக்கவில்லை. அந்தத் தைரியத்தை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது.

ஷார்மைன் திட்டவில்லை. நேரே புரொபசரிடம் போய், மறுபடி டெஸ்ட் பண்ண விடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தாள். ஆட்களையும் கருவிகளையும் வேறு ஆய்வுக்கு மாற்றியாயிற்று, மூடினது மூடினதுதான் என்றுவிட்டார் அவர். அன்றே நிறுவனத்தில் வேன் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தாமரை வழக்கம்போலக் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னார்.

"எனக்காகவாப்பா கோயிலுக்குக் கொண்டு போனீங்க?"

"உனக்காகத்தாம்மா."

"நான் இருக்கிறதுக்குள்ள அந்த மருந்து வராதுன்னு எனக்குத் தெரியும்ப்பா. எனக்குப் பின்னால வர்ற பிள்ளைங்களாவது பொழைக்கட்டும்னுதான் தெனமும் கேட்டேன். அதையும் கெடுத்துட்டீங்களே."

குளிக்கப் போய்ச் சேற்றைப் பூசிக்கொண்டவன் தன்மேல்தான் பூசிக்கொள்வான். இவர் ஊர்ப் பிள்ளைகள் மேலெல்லாம் பூசிவிட்டு வந்து நிற்கிறார்.

அவள் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து சோறு ஊட்டுவது அவர்தான், அவள் அம்மாவைக்கூட விடமாட்டார். பிசைந்த தட்டோடு கட்டிலருகே உட்கார்ந்து ஒரு வாய் நீட்டினார். தாமரை உதட்டைத் திறக்கவில்லை.

"அம்மாவ வரச் சொல்லுங்க" என்றாள்.