செவலை திரும்பி வந்த நாட்கள்

செவலை செத்துப்போன அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். மாலையில் வீடு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கொட்டகையில் அதன் முளைக்குச்சி மட்டும் நின்றது. கொல்லைக் கோடியில் வேப்பமரத்துக்குப் பக்கத்தில் புது மண்ணாக ஒரு மேடு. அப்பா மண்வெட்டியை மரத்தில் சாய்த்துவிட்டு அங்கேயே குந்தியிருந்தார். அவருடைய இரண்டு கைகளிலும் கொப்புளம்.

"பாம்பு கடிச்சிடுச்சும்மா," என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, மண்ணைப் பார்த்துச் சொன்னார்.

எனக்கு அப்போது பத்து வயது. ஒற்றை ஆள் அரை நாளில் ஒரு மாட்டைப் புதைத்துவிட முடியுமா என்று யோசிக்கத் தெரியாத வயது. புத்தகப்பையைக்கூட இறக்காமல் அழுதேன். அம்மா அழவில்லை. அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுகிற குடும்பம் எங்களுடையது. நாங்கள் சமணர்கள், திருப்பருத்திக்குன்றத்துக்காரர்கள். அன்று அப்பா சாப்பிட வரவில்லை. கேட்டதற்கு, "விரதம்," என்றாள் அம்மா.

செவலை செம்மண் நிறம். அதன் இடது கொம்பு கன்னத்தை நோக்கிக் கீழே வளைந்திருக்கும். கத்தினால் குரல் பாதியில் உடைந்து, இருமல் மாதிரி ஒரு சத்தத்தோடு முடியும். ஊரில் வேறெந்த மாட்டுக்கும் அப்படிக் குரல் கிடையாது. நான் நடக்கப் பழகிய காலத்தில் அதன் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பேனாம், அது நகராமல் நிற்குமாம். எங்களிடம் இருந்த மூன்று மாடுகளில் அதிகம் கறந்ததும் அதுதான். ஒரு தனியார் பால் கம்பெனியின் சேகரிப்பு நிலையத்தில் அப்பா கேனை இறக்கும்போது, அளக்கிறவர் எட்டிப் பார்த்து, "செவலைப் பாலா நயினாரே?" என்று கேட்பார்.

அந்த வருடம் கம்பெனி பால் விலையை ஒரே மாதத்தில் இரண்டு முறை இறக்கியது. செல்போனில் ஒரு செய்தி வரும், அவ்வளவுதான். மறுநாள் காலையிலிருந்து புது விலை. "பவுடர் விலை படுத்துடுச்சாம்," என்று அப்பா அம்மாவிடம் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவர் சொன்னது பால் பவுடர், எனக்குத் தெரிந்த பவுடர் முகத்துக்குப் போடுவது. நாங்கள் எல்லாரும் முகத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுக்கொண்டால் விலை ஏறிவிடும் என்று நினைத்து, அந்த வாரம் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளை மூஞ்சியோடு போனேன்.

பால் விலை இறங்கியபோது புண்ணாக்கு விலை இறங்கவில்லை. அதே சமயம் செவலைக்குப் பால் வற்றிவிட்டது. மூன்று தடவை சினை ஊசி போட்டும் சினை பிடிக்கவில்லை. ஒரு நாள் மாட்டுத் தரகர் ஒருவர் வந்தார். செவலையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"கறவைக்கு இனிமே ஒருத்தனும் வாங்கமாட்டான் நயினாரே. லாரிக்காரன்தான் வாங்குவான். நீங்க ஒண்ணும் கேட்டுக்காதீங்க, நானும் ஒண்ணும் சொல்லல."

அப்பா அவரைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, கேட்டைச் சாத்தித் தாழும் போட்டார். பட்டப்பகலில் எங்கள் வீட்டுக் கேட்டுக்குத் தாழ் போட்டு நான் பார்த்ததில்லை. அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் பாம்பு கடித்தது.

செவலை போன பிறகு வீட்டில் சிலது மாறியது. அப்பா கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். எங்களை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவார், செருப்பைக் கழற்றாமல் வெளியிலேயே நிற்பார். மாடு செத்தால் தீட்டு போலிருக்கிறது என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். கம்பெனிக்கு ஊற்றுவதையும் பாதியாகக் குறைத்து, மீதிப் பாலை மொபெட்டில் கட்டிக்கொண்டு டவுனுக்குப் போய் வீட்டுக்கு வீடு ஊற்ற ஆரம்பித்தார்.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு சாயங்காலம், சாப்பிட்டு முடித்து அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். திடீரென்று கொட்டகையிலிருந்த இரண்டு மாடுகளும் அசைபோடுவதை நிறுத்தின. இரண்டும் ஒரே சமயத்தில் தெருப்பக்கம் தலையைத் திருப்பிக் காதுகளை விறைத்தன. அப்புறம் அந்தக் குரல் கேட்டது. வேகவதி ஆற்றுப் பக்கத்து முள்ளுக்காட்டிலிருந்து வந்தது. நீளமாக ஆரம்பித்து, பாதியில் உடைந்து, இருமலோடு முடிந்தது.

அம்மாவின் கை நின்றது. குழாயிலிருந்து தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் முறையும் கேட்டது. அம்மா மறுபடியும் துலக்க ஆரம்பித்தாள், முன்னைவிட வேகமாக.

"அம்மா, செவலை கத்துது."

"காத்துடி அது. உள்ள போய் எழுது."

காற்றே இல்லை. வேப்பமரத்தில் ஓர் இலை ஆடவில்லை.

மறுநாள் விடியலில் நான் எழுந்து வந்தபோது அம்மா கேட்டுக்கு வெளியே குனிந்து எதையோ அள்ளிக்கொண்டிருந்தாள். சாணி. எங்கள் மாடுகள் கட்டுத்தறியில் இருந்தன. கேட்டுக்கு முன்னால் ஈர மண்ணில் குளம்படிகள் வந்து, நின்று, ஒரே இடத்தில் வெகுநேரம் மாற்றி மாற்றி மிதித்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தன. அம்மா ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி விளக்குமாற்றால் அவற்றை அழித்தாள்.

செத்தவுடனே உயிர் வேறு பிறவி எடுத்துவிடும், பேய் பிசாசாக அலையாது என்று எங்கள் கோயில் பாடசாலையில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதை நம்பித்தான் நான் இருட்டில் பயமில்லாமல் கொல்லைக்குப் போய்வருவேன். அன்று அம்மாவிடம் கேட்டேன். "உடனே பொறந்துடும்னு நீயும்தானே சொன்ன? அப்ப வாசல்ல வந்து நின்னுக்கினு இருந்தது யாரு?"

அம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் விவரிக்க முடியவில்லை. "யார்கிட்டயும் இதைக் கேக்காத," என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு மொபெட்டில் நானும் டவுனுக்குப் போனேன். பிள்ளையார்பாளையத்தில் ஒரு தெருவில் சேலை நெய்வதற்கான பட்டு நூலைப் பாவாக நீளவாட்டில் கட்டி இழுத்துவைத்திருந்தார்கள். தெரு முழுக்க இளஞ்சிவப்பு நூல் வெயிலில் மின்னியது. ஒரு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி அப்பா பால் அளந்துகொண்டிருந்தார். நான் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். தெருமுனைக் குப்பைத்தொட்டியில் தலையை விட்டிருந்த ஒரு மாடு தலையைத் தூக்கியது. இடது கொம்பு கீழே வளைந்திருந்தது.

விலா எலும்புகள் தெரிந்தன. கழுத்தில் கயிறு இல்லை. கயிறு கிடந்த இடத்தில் முடி தேய்ந்த வளையம் மட்டும் இருந்தது. வாயோரத்தில் ஒரு பாலித்தீன் பை தொங்கியது. அது எங்களை நோக்கி நடக்க ஆரம்பித்தது. அவசரமே இல்லாமல், கறவை நேரத்துக்குக் கொட்டகைக்குள் வருகிற மாதிரி வந்தது. நேராகப் பாவுக்கு மேல் வந்துவிடும் போலிருந்தது.

"ஏய், ஏய்! நூல் மேல வரப்போவுது, ஓட்டுங்கபா!" என்று நெசவுக்காரர்கள் கத்தினார்கள். ஒருவர் குச்சியோடு ஓடினார். அது அடியை வாங்கிக்கொண்டு நின்றதே தவிர நகரவில்லை. அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றது.

பால் வாங்க வந்த அந்த வீட்டுப் பெண், "தினமும் உங்க வண்டிச் சத்தம் கேட்டா எங்கிருந்தோ வந்து நிக்குதுப்பா இது. உங்க மாடா?" என்று கேட்டார்.

"இல்லம்மா," என்றார் அப்பா. திரும்பிப் பார்க்காமலே சொன்னார். அளந்த பாலில் கொஞ்சம் கீழே சிந்தியது.

வண்டி கிளம்பியது. நான் திரும்பிப் பார்த்தேன். செவலை பின்னாலேயே வந்தது. நடந்தது, பிறகு ஓடியது. "அப்பா," என்றேன். "திரும்பாத," என்றார். தெருவில் எல்லாருடைய கண்ணுக்கும் அது தெரிகிறது, அதை வளர்த்த அப்பாவின் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை. செத்தவர்கள் அப்படித்தான் வருவார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனேன். அம்மா கடைக்குப் போயிருந்தாள். மண் இன்னும் இளக்கமாகத்தான் இருந்தது. முழங்கை ஆழம் போயிருப்பேன், களைக்கொத்து எதிலோ பட்டு 'ணங்' என்றது. செவலையின் கழுத்துமணி. அதோடு சேர்த்துச் சுருட்டி வைத்த தலைக்கயிறு. அதற்குக் கீழே கெட்டித் தரை. வேப்பமரத்து வேர் ஒன்று குறுக்கே, ஒரு கீறல்கூட இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. வேறொன்றும் இல்லை.

அது வெளியே வந்துவிட்டது என்று எனக்கு உறுதியானது. கயிற்றையும் மணியையும் கழற்றி உள்ளேயே வைத்துவிட்டு, மண்ணைத் திரும்ப மூடிவிட்டுப் போயிருக்கிறது. நானும் அவற்றை இருந்தபடியே வைத்து மூடிவிட்டு உள்ளே ஓடினேன். அன்று இரவு எனக்குக் காய்ச்சல்.

இரண்டு நாள் கழித்து, பனி இறங்கிய ஒரு விடியற்காலையில் விழிப்பு வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொட்டகையில் தன் முளைக்குச்சிக்குப் பக்கத்தில் செவலை நின்றிருந்தது. எப்போதும் நிற்கிற இடம், எப்போதும் பார்க்கிற திசை. பனியில் அதன் கால்கள் தெரியவில்லை. மற்ற இரண்டு மாடுகளும் அதன் முதுகை நக்கிக்கொண்டிருந்தன. கேட்டை அம்மாதான் திறந்துவிட்டிருக்க வேண்டும். அது அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

அப்பா கறவைச் செம்போடு வந்தார். பார்த்தார். அலறவில்லை. செம்பைக் கீழே வைத்தார். ஒரு வாளி நிறையப் புண்ணாக்கும் தவிடும் கரைத்துக் கொண்டுவந்து அதன் முன்னால் வைத்தார். அது குடித்து முடிக்கும்வரைக்கும் அதன் கழுத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். ஏதோ பேசினார், எனக்குக் கேட்கவில்லை. பிறகு தோளில் கிடந்த துண்டை அதன் கழுத்தில் சுற்றிக் கூட்டிக்கொண்டு வெளியே நடந்தார். இரண்டு பேரும் பனிக்குள் போய்க் காணாமல் போனார்கள்.

அப்பா உச்சிவெயிலில்தான் திரும்பினார். வேட்டி முழங்கால்வரை நனைந்து மணல் ஒட்டியிருந்தது. செவிலிமேடு தாண்டி, பாலாற்றைக் கடந்து போயிருக்கிறார். அதற்குப் பிறகு செவலை வரவில்லை. படையல் வைத்து அனுப்பிவிட்டார், இனிமேல் வராது என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா சொன்னாள். அடிமாடாக லாரிக்காரனுக்கு விற்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. கட்டிவைத்துத் தீனி போட்டால், மற்ற இரண்டையும் விற்க வேண்டியிருக்கும். அதனால் அன்று நான் பள்ளிக்கூடம் போனதும் டவுனுக்கு ஓட்டிக்கொண்டு போய், கயிற்றைக் கழற்றிக்கொண்டு விட்டுவிட்டு வந்தார். ஓர் எறும்பை மிதித்தாலும் நின்று வருந்துகிற குடும்பம் மாட்டைத் தெருவில் விட்டது என்று ஊர் பேசும். எனக்குத் தெரிந்தால் நான் தேடிக்கொண்டு போவேன். அதற்காகத்தான் அந்த மண்மேடு.

அம்மா சொல்லாத ஒன்று எனக்கே தெரியும். அதை அப்போது நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன்.

அடுத்த கோடையில் பால் விலை ஏறியது. அதே மாதிரி ஒரு செய்தி, மறுநாள் புது விலை. அதே வாரத்தில் அப்பா ஒரு புதுக் கயிறு வாங்கிவந்தார். அன்றிலிருந்து பால் ஊற்றிவிட்டு வந்ததும் கயிற்றை மொபெட்டில் மாட்டிக்கொண்டு பாலாற்றுப் பக்கம் போவார்.

"எங்கப்பா போற?"

"சும்மாதாம்மா, ஒரு வேலை இருக்குது."

செவலையின் ஆவியைப் பிடித்துக் கட்டிப்போடத்தான் போகிறார் என்று நினைத்தேன். அது அகப்படக் கூடாது என்று தினமும் சாமியிடம் வேண்டிக்கொண்டேன். அப்படிக் கட்டிக்கொண்டு வந்தால் அது மறுபடியும் எங்கள் கொட்டகையில் நிற்குமே என்ற பயம். அந்தக் கோடை முழுக்க அவர் போனார். பொழுது சாயும் நேரத்தில் மொபெட் சத்தம் கேட்டு ஓடிவந்து கேட்டைத் திறப்பேன். அவர் தனியாகத் திரும்பி வந்திருப்பதைப் பார்க்கும் ஒவ்வொரு நாளும் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.