கிழித்த சங்கீதம்

எஸ்தரின் வேதாகமத்தில் ஒரு தாளைக் கிழித்தவன் நான். ஐம்பத்தோராம் சங்கீதத்தை அவள் மனப்பாடம் செய்துவிடக் கூடாது என்று, ஞாயிறு பள்ளியில் அவளோடு படித்த பத்து வயதில் அதைச் செய்தேன். மனப்பாடப் போட்டியின் பரிசு எனக்குக் கிடைத்தது. வேதத்தைப் பாழாக்கினாள் என்று அவள் அப்பா அவளை அடித்தார்.

சென்ற வாரம் சோளக்காட்டுச் சந்தையில் மிளகு மடித்துத் தந்த மெல்லிய தாள் கிழிந்தபோது அதே சத்தம் கேட்டது. வீட்டுக்கு வந்து அந்தச் சங்கீதத்தை எடுத்துப் படித்தேன். தவறு செய்தவன் கடவுளிடம் அழுகிற ஜெபம் அது. அதைக் கையால் எழுதி, வளப்பூரில் இருக்கும் எஸ்தரிடம் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன்.

"அறுவது வருசமா இதையவா சொமந்துட்டிருந்தே? தாளு இல்லாததால, கோயில்ல வாசிக்கறப்பல்லாம் காதுல கேட்டே படிச்சேன். அது ஒண்ணுதாங் கண்ணு, எனக்கு மனப்பாடம். எங்கே, நீ சொல்லு பாக்கலாம்" என்று சிரித்தாள்.

மூன்றாவது வரியில் நின்றுவிட்டேன். மீதியை அவள் சொல்லச் சொல்ல, நான் பின்னால் சொன்னேன்.