அறுபத்திரண்டாவது விளக்கு

இது கதையல்ல, கண்ணுகளா. எனக்கே நடந்தது. பயமாக இருந்தால் பக்கத்தில் யாரையாவது உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள். நான் சிரிக்க மாட்டேன்.

பெருநகரத்தையும் சிற்றூர்களையும் இணைக்கும் விரைவுச் சாலையின் கட்டுப்பாட்டு அறையில் அப்போது எனக்கு வேலை. சாலையோரம் கிலோமீட்டருக்கு ஓர் அவசர போன். யாராவது எடுத்தால் என் பலகையில் அந்த எண்ணின் விளக்கு எரியும். எந்த கிலோமீட்டர், எந்தப் பக்கம் என்று கேட்போம். கடைசியில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும்: "வண்டியில உட்காராதீங்க. இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்க."

அன்று மூடுபனி. மாலை 5.40. அறுபத்திரண்டாவது விளக்கு எரிந்தது.

"அறுபத்திரண்டு. நகரம் போற பக்கம். ஒரு கார். ஒரே ஆள்." பெண் குரல்.

நான் இன்னும் கேட்கவே இல்லை. பதறுகிறவர்கள் இப்படி வரிசையாகச் சொல்லமாட்டார்கள்... நாங்கள்தான் சொல்வோம். எச்சரிக்கையை நான் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது.

ரோந்து வண்டி ஓட்டுபவன் என் தம்பி. அவனை அனுப்பினேன்.

5.49. வயர்லெஸ்.

"அக்கா, இங்க ஈ காக்கா இல்ல. பனியில என் மூக்கே எனக்குத் தெரியல."

"நல்லாப் பாருடா."

"பார்த்தாச்சு. வண்டியில உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதுறேன்."

5.51. அதே விளக்கு.

"அவன் வண்டிக்குள்ள இருக்கான்," என்றாள். "சொல்லு. அவர் விட்ட மாதிரி நீயும் விட்டுடாத..."

வயர்லெஸ்ஸைப் பிடுங்கினேன்.

"தம்பி, இறங்கு! தடுப்பைத் தாண்டு!"

"என்னக்கா..."

"தாண்டுடா!"

கதவுச் சத்தம். ஓட்டம்.

5.52.

டமார்.

பதினொரு நிமிடம் எனக்கு உயிரே இல்லை. பிறகு அறுபத்து மூன்றாவது விளக்கு எரிந்தது.

"அக்கா... நான்தான். லாரி மோதி நம்ம வண்டி நொறுங்கிடுச்சு. அந்த டிரைவர் செத்துட்டாரு. அறுபத்திரண்டுல போனே இல்லக்கா. வெறும் கம்பம். அதான் இவ்வளவு தூரம் நடந்தேன்."

அந்த அழைப்புகளின் ஒலிப்பதிவை சூப்பர்வைசர் இரண்டு முறை போட்டுக் கேட்டார்.

"இந்தக் குரல்... உனக்கு முன்னாடி இந்தச் சீட்டுல இருந்தவம்மா. வீட்டுக்குப் போறப்ப அங்க கார் நின்னுடுச்சு. 5.40க்கு போன் பண்ணா. 5.52க்கு லாரி..."

"போனை எடுத்தது யாரு சார்?"

"நான்தான். எல்லாம் தெரிஞ்சவளாச்சேன்னு அந்த ஒண்ண மட்டும் சொல்லாம விட்டுட்டேன்."

மறுநாள். 5.40. அதே விளக்கு.

நான் கை நீட்டினேன். அவர் தடுத்தார்.

"விடும்மா. அது எனக்கு."

எடுத்தார். "வண்டியில உட்காராதே" என்று சொல்ல அவர் வாயைத் திறப்பதற்குள் மறுமுனையில் ஒரு சத்தம்... எனக்கும் கேட்டது.

கார்க் கதவு சாத்தும் சத்தம்.