காளியப்பன் திருடிய மூச்சு

எழுபதுகளில் சேலத்துக்கு மேலே மலையில், நாகலூர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் சடுகுடுதான். பாக்சைட் மைன்ஸுக்குப் பக்கத்தில் இருந்த செம்மண் பொட்டலில் கோடு கிழிப்பார்கள். கோயிலில் பூசை முடித்து வந்தவர்கள், கறி எடுத்துக்கொண்டு ஊட்டுக்குப் போக வேண்டியவர்கள் எல்லாம் அங்கேயே நின்றுவிடுவார்கள். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர்கூடக் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பார். எல்லோரும் வருவது காளியப்பன் பாடிப் போவதைப் பார்க்கத்தான். அவர் ‘சடுகுடு சடுகுடு’ என்று ஆரம்பித்தால் எப்போது நிறுத்துவார் என்று எதிர்க்கட்சிக்காரனுக்குத் தெரியாது. அப்படி ஒரு நீள மூச்சு. அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் கடைசிக் காலத்திலும் அவர் முகம் மலர்ந்துவிடும். அப்படியொரு சந்தோஷம் பிறகு அவருக்குக் கிடைக்கவே இல்லை.

ஆனால் அந்த மூச்சில் கொஞ்சம் கள்ளச் சரக்கும் கலந்திருந்தது. மூச்சு அறுந்துபோகிற நேரத்தில், யாரோ காலைப் பிடிக்க வருவதுபோல முகத்தை இடது பக்கம் சட்டென்று திருப்புவார். அந்த ஒரு திருப்பலில், பாட்டு நிற்காமலே, துளி மூச்சு உள்ளே போய்விடும். நடுவர் ஒருநாளும் கண்டுபிடித்ததில்லை. பிடிபடாத வரைக்கும் அதுவும் ஆட்டம்தான் என்பது அவர் கட்சி.

வார நாட்களில் அதே மைன்ஸில் அவர் வேலை கம்ப்ரஸர் மிஷின் பிடித்துப் பாறையில் துளை போடுவது. மிஷின் உடம்பை உலுக்கும். தூசி எழும்பினால் பக்கத்தில் நிற்கிற ஆளே தெரியாது. கண் இமை, மூக்கு, சட்டைப் பை எல்லாம் செம்மண். வாயில் துண்டைக் கட்டிக்கொள்ளச் சொன்னால் சிரிப்பார்கள். மீசை வைத்த ஆம்பிளை தூசிக்குப் பயப்படுவதா? இந்த வீராப்புக்கு எத்தனை நெஞ்சுகள் பலியாகின என்று நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

எண்பதுகளில் காளியப்பன் சடுகுடுவை விட்டுவிட்டார். வயசாகிவிட்டது என்று ஊர் நினைத்தது. அதே சமயம் அவர் ஊர் நலம் விசாரிக்கவும் ஆரம்பித்தார். பஸ்ஸை விட்டு இறங்கி மேட்டில் ஏறும்போது எதிரில் வருகிற ஆளையெல்லாம் நிறுத்தி, மாடு கன்று போட்டதா, மிளகு காய்ச்சதா என்று கேட்பார். எவ்வளவு பாசமான மனுஷன் என்று மெச்சினார்கள். அவர் நின்றது மூச்சு வாங்கத்தான் என்பது அவர் சம்சாரம் தங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது.

எண்பத்தாறிலோ ஏழிலோ சேலத்திலிருந்து எக்ஸ்ரே வண்டி வந்தது. மைன்ஸ் ஆட்களை வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். ஒரு மாசம் கழித்துச் சிலரை மட்டும் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள். அதில் காளியப்பனும் ஒருவர். மகள் அமுதாவைப் பக்கத்து ஊர் வெள்ளக்கடையில் ஒரு பையனுக்கு உறுதி செய்திருந்தார்கள். தை மாசம் கல்யாணம். அந்தக் காலத்தில் நெஞ்சில் கோளாறு என்றாலே ஊர் வாயில் அது டீபிதான். முந்தின வருஷம் நெஞ்சுக் கோளாறு என்று மிஷின் வேலையை விட்டு இறக்கப்பட்ட ஒருவருக்கு டீக்கடையில் தனி கிளாஸ் வைத்துவிட்டார்கள். அந்த ஊட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

டாக்டர் நல்ல மனுஷர். படத்தில் தூசி படிந்திருப்பது தெரிகிறது, நெஞ்சு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார். மூச்சை அளக்கிற மிஷின் மலையில் இல்லை. அதனால் ஒரே மூச்சில் சத்தமாக எண்ணச் சொன்னார். நன்றாக எண்ணினால் அடுத்த படம் வரைக்கும் மிஷினிலேயே இருக்கலாம், இல்லையென்றால் இன்றைக்கே இறங்க வேண்டும். காளியப்பன் யோசித்தார். எண்ணுவதெல்லாம் பழக்கமில்லை, சடுகுடு பாடிக் காட்டட்டுமா என்று கேட்டார். டாக்டர் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

பாடினார். பழைய காளியப்பனாகவே பாடினார். டாக்டர் புருவத்தைத் தூக்கிவிட்டுப் பேனாவை எடுத்தார்.

பக்கத்தில் நின்ற நர்ஸ் அமலி நாகலூர்க்காரி. சின்னப் பெண்ணாக அந்தப் பொட்டலில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு ஆட்டம் விடாமல் பார்த்தவள்.

“சார், எழுதாதீங்க. நடுவுல மூச்சு எடுத்துட்டாருங்க” என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். “ஏனுங்கண்ணா, வெள்ளக்கடைக்காரங்க கூட ஆடறப்பவே நீங்க முகத்தைத் திருப்பறதப் பாத்தனுங்க. நம்ம ஊரு ஜெயிக்கட்டும்னு சும்மா இருந்தேன். இன்னிக்கு என்னால சும்மா இருக்க முடியாதுங்க.”

முகத்தை நேராக வைத்து மறுபடி பாடச் சொன்னார் டாக்டர். ஆரம்பித்த உடனே பாட்டு அறுந்துபோனது. இருமல் பிடித்துக்கொண்டது. வெளியே வந்த காளியப்பன், எம்பொண்ணு வாழ்க்கையில மண்ணைப் போட்டுட்டயே என்று அமலியைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனவர்தான், அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

போன மூச்சு திரும்பி வராது, இருக்கிறதைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் தெளிவாகவே சொன்னார். மைன்ஸ் நர்சரியில் நாற்றுக்குத் தண்ணீர் விடுகிற வேலைக்கு மாற்றினார்கள். தூசி இல்லாத வேலை. மாத்திரையும் வருஷா வருஷம் படமுமாக அவர் தொண்ணூறுகள் முடிகிற வரைக்கும் இருந்தார், பேரப்பிள்ளையைத் தோளில் தூக்கினார். ஆனால் அன்றைக்கு அதெல்லாம் யாருக்குத் தெரியும்? விஷயம் சாயங்கால பஸ்ஸிலேயே வெள்ளக்கடைக்குப் போய்விட்டது.

அந்த மாசத்திலேயே ஒருநாள் மாப்பிள்ளையின் அம்மா ராஜேஸ்வரி பேச வேண்டும் என்று வந்தாள். கேள்விப்பட்டு அமலியும் மாத்திரையைச் சாக்கு வைத்து வந்து நின்றாள். காளியப்பன் அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. தங்கம்மா காப்பி கொடுத்தாள். ராஜேஸ்வரி டம்ளரைத் தொடவில்லை. காளியப்பன் பாதி குடிப்பதற்குள் இருமல் வந்து கீழே வைத்துவிட்டார். அமுதா சமையல்கட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“டீபின்னு சொல்றாங்களே, நெசமுங்களா?” என்று ராஜேஸ்வரி கேட்டாள்.

இது பாறைத் தூசியால் வந்தது, யாருக்கும் ஒட்டாது என்றாள் அமலி.

“ஒட்டாதுன்னு வாயில சொல்லீரலாமுங்க.”

காளியப்பன் கீழே வைத்த டம்ளரை அமலி எடுத்தாள். அவர் பதறி வேண்டாம் என்று கையை நீட்டுவதற்குள், உதட்டில் வைத்து, மிச்சக் காப்பியை ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ராஜேஸ்வரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் டம்ளரை எடுத்து, மேலே படிந்த பாலாடையை விரலால் ஒதுக்கிவிட்டு, மெதுவாகக் குடித்தாள். கல்யாண மண்டபம் பார்த்தாயிற்றா என்று தங்கம்மாவைக் கேட்டாள்.

காளியப்பன் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“தங்கம், அமலிக்குச் சூடா ஒரு காப்பி போட்டுக் குடு. ஆறிப்போனதக் குடிச்சிருக்குது, பாவம்.”