கவர்னர் வீட்டு ஞானத்தாய்

எபிஃபானியா லகுனாய் என்று முழுப் பெயரைச் சொல்லிக் கேட்டால் தலுபாங்கன் ஊரில் பாதிப் பேர் முழிப்பார்கள். பன்யா என்றால் தெருநாய்கூட வழி காட்டும். மூன்று முறை மேயராக இருந்தவள், இப்போது தலைநகர் மணிலாவில் மக்கள் சபை உறுப்பினர். அத்தனைக்கும் பிறகு சந்தைக்குப் போனால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீன் வாங்க மாட்டாள், விற்கிறவள் சொந்தத் தங்கையாக இருந்தாலும் சரி.

அவள் அரசியலுக்கு வந்ததே ஒரு சண்டையில்தான். அவள் மீன் விற்றுக்கொண்டிருந்த காலத்தில், அப்போதைய மேயர் மீன் சந்தையைக் கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் தள்ளச் சொல்லி உத்தரவு போட்டார். நகர மண்டபத்துக்கு வருகிற பெரிய மனிதர்களுக்கு நாற்றம் ஒத்துக்கொள்ளவில்லையாம். மறுநாள் காலையில் பன்யா தன் கூடையை நேரே கொண்டுபோய் நகர மண்டபத்து வாசற்படியில் இறக்கி, அங்கேயே வியாபாரத்தைத் தொடங்கினாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். வெயில் ஏற ஏற உள்ளே இருந்த குமாஸ்தாக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொருவராக நழுவினார்கள். ஜன்னலைச் சாத்திக்கொண்டு மேயர் எத்தனை நாள்தான் மூச்சை அடக்குவார்? சந்தை இருந்த இடத்திலேயே இருந்தது. அடுத்த தேர்தலில் மேயர்தான் இடம் மாறினார்.

மேயர் வேலை என்றால் கையெழுத்துப் போடுவது மட்டும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்கு வந்து உட்காராத மேயரை மேயர் என்று யாரும் மதிப்பதில்லை. கல்யாணத்துக்கு வர வேண்டும், ஞானஸ்நானத்துக்கு வர வேண்டும், வந்தால் குழந்தையைக் கையில் ஏந்தி ஞானத்தாயாகவும் நிற்க வேண்டும். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு பன்யாதான் ஞானத்தாய். கிறிஸ்துமஸ் காலையில் அவள் வீட்டு வாசலில் பரிசு வாங்க நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் பள்ளிக்கூடம் இடம் மாறி வந்துவிட்டதோ என்று தோன்றும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் மற்ற அரசியல்வாதிகளைப் போல இல்லை. பேருந்து நிறுத்தம், கழிப்பறை, குப்பைத்தொட்டி என்று எதிலும் தன் பெயர் இருக்கக் கூடாது என்பாள். ஒரு காண்டிராக்டர் ஆசையாக நிறுத்தத்துச் சுவரில் அவள் முகத்தையே வரைந்து வைத்துவிட்டான். பன்யா சுண்ணாம்பு வாளியோடு போய்த் தானே அடித்து மறைத்தாள். அடுத்த மழையில் சுண்ணாம்பு கரைந்து ஒரு கண் மட்டும் எட்டிப் பார்த்தது. சுவரில் இருந்துகூட ஊரைக் கண்காணிக்கிறாள் என்று ஜனங்கள் கேலி செய்தார்கள்.

மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து மேயராக நிற்கச் சட்டம் விடாது. அதனால் என்ன, கணவனையோ மனைவியையோ நாற்காலியில் உட்கார்த்தி வைப்பதுதான் எல்லாரும் செய்வது. பன்யாவின் கணவர் டீர்சோவிடமும் வேட்பாளர் சட்டை தைக்க கட்சிக்காரர்கள் அளவு கேட்டு வந்தார்கள். பன்யா குறுக்கே வந்து சொன்னாள்: "இவருக்கு ஆட்டையே ஒழுங்காக் கட்டத் தெரியாது. ஊரை இவர் கையில குடுத்தா அதுவும் அவுத்துக்கிட்டு ஓடிரும்." எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது டீர்சோதான். பன்யாவே மக்கள் சபைக்கு நின்றாள்.

அவளை நிற்க வைத்தவர் எங்கள் மாகாணத்துக் கவர்னர் லியாண்ட்ரோ வில்யர்டா. எங்கள் நாட்டில் கவர்னரையும் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுப்பார்கள். தாத்தா கவர்னர், அப்பா கவர்னர், இப்போது இவர். அந்த வீட்டில் குழந்தைகள் பால்புட்டியோடு நாற்காலியையும் பிடித்துக்கொண்டுதான் பிறக்கும். பன்யாவுக்கு விழும் ஓட்டு தன் அணிக்கு வேண்டும் என்று அவர் கூப்பிட்டார். அது தெரிந்துதான் அவளும் போனாள்.

போன வருஷம் அந்த மசோதா வந்தது. தலுபாங்கன் விரிகுடாவை மண் போட்டுத் தூர்த்து, மேலே ஹோட்டல்களும் சூதாட்ட மண்டபங்களும் கட்டுவதற்கான மசோதா. அந்தக் கடலை நம்பித்தான் கரையோரம் முழுக்க அடுப்பு எரிகிறது. மசோதாவில் லியாண்ட்ரோ தன் கைவரிசையாக ஒரு வரியைச் சேர்க்க வைத்திருந்தார்: கவர்னர் சம்மதக் கையெழுத்துப் போடாமல் ஒரு கூடை மண்கூடக் கடலில் விழக் கூடாது. கம்பெனிக்காரர்கள் தன் வாசலில் வந்து காத்திருக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. செனட்டையும் தாண்டி மசோதா சட்டமாவதற்குள் அடுத்த மே மாதத் தேர்தல் முடிந்துவிடும். தேர்தலில் தன்னை யார் அசைக்க முடியும் என்ற தைரியம் அவருக்கு.

அந்தச் சமயம் பார்த்து அவருக்கு மூன்று பெண்களுக்குப் பிறகு ஒரு பையன் பிறந்தான். லியாண்ட்ரோ மனைவியோடு பன்யா வீட்டுக்கே வந்து, நீங்கள்தான் ஞானத்தாய் என்று கேட்டார். சபையில் ஓட்டெடுப்பு புதன்கிழமை, ஞானஸ்நானம் அடுத்து வரும் ஞாயிறு. தற்செயலாக அமைந்த நாள் என்று நம்ப பன்யா ஒன்றும் பச்சைக் குழந்தை இல்லை. ஆனால் ஞானத்தாயாக நிற்கக் கேட்டால் எங்கள் ஊரில் யாரும் மறுப்பதில்லை. மறுத்தால் அது குழந்தைக்கு ஆகாது. அவள் சரி என்றாள். அவர்கள் படியிறங்கியதும் டீர்சோ தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

புதன்கிழமை மத்தியானம் லியாண்ட்ரோ மணிலாவுக்கே வந்துவிட்டார். சபைச் சாப்பாட்டுக்கூடத்தில் பன்யாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"அக்கா, நீங்க சரின்னும் சொல்ல வேணாம், கூடாதுன்னும் சொல்ல வேணாம். உங்க பேர் கூப்பிடுறப்ப பாத்ரூம் பக்கம் போயிருங்க. அது போதும்."

அது அந்தச் சபையின் பழைய வழக்கம். சிக்கலான மசோதா வந்தால் இருக்கைகள் காலியாகும், கழிப்பறையில் வரிசை நிற்கும்.

"எனக்கு வயித்துக்கு ஒண்ணும் இல்லையே தம்பி" என்றாள் பன்யா.

"உங்கள இங்க அனுப்புனது யாருன்னு மறந்துறாதீங்க."

"மறப்பேனா? சந்தையில கூடை வச்சிருக்கவங்க."

லியாண்ட்ரோ சிரித்துக்கொண்டேதான் எழுந்து போனார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

பயமே இல்லாமல் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள் என்று எழுதினால் அது பொய். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கிராமங்களுக்காக அவள் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய பாலம் பாதிதான் முடிந்திருந்தது. அதற்கு ஒரு வார்த்தை சொன்னால் வேலை நடக்கும், ஒரு வார்த்தை சொன்னால் வேலை நிற்கும். இரண்டும் லியாண்ட்ரோவின் வாயில் இருந்தன. பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து, வயிறு சரியில்லை என்று அவளிடம் அசடு வழிந்துவிட்டு வெளியே போனார். பன்யாவின் கால்களும் ஒரு நொடி எழப் பார்த்தன. அப்புறம் அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. பெயர் கூப்பிட்டதும் எழுந்து நின்றாள்.

"கூடாது" என்றாள். காரணம் சொல்ல அனுமதி உண்டு. சொன்னாள்: "ஜன்னல்ல இருந்து கடலப் பாக்க ஹோட்டல் கட்டுறாங்களாம். ஹோட்டல் கட்டுறதுக்கு அந்தக் கடலையே தூர்க்குறாங்களாம். இதுல எது புத்தின்னு யாராவது எனக்குச் சொல்லிக் குடுங்க, ஓட்ட மாத்திக்கிறேன்."

சபைத் தலைவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். மசோதா பெரிய மெஜாரிட்டியில் நிறைவேறியது. சாயங்காலத்துக்குள் அவளுடைய மீன்வளக் குழுத் தலைவர் பதவி போயிற்று. மறுநாள் பாலத்தில் வேலை பார்த்தவர்கள் சாமான்களை வண்டியில் ஏற்றினார்கள். தினமும் பத்துத் தடவை கூப்பிடுகிற கட்சிக்காரர்களின் எண்களில் இருந்து ஒரு அழைப்பும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்கக் கோவிலில் இருந்தது. ஞானஸ்நானத்துக்கு வந்தது பாதிப் பேர், பன்யா வருவாளா என்று பார்க்க வந்தது மீதிப் பேர். பெயர் சொல்லிவிட்ட ஞானத்தாயை மாற்றினால் பிள்ளைக்கு ஆகாது என்பதால் கவர்னர் வீட்டாரும் வேறு ஆளைப் போடவில்லை. அவளாக வராமல் போகட்டும் என்று காத்திருந்தார்கள். பன்யா டீர்சோவின் கையைப் பிடித்துக்கொண்டு நடு வழியாக நடந்து வந்து, கவர்னர் மனைவியிடம் இரண்டு கையையும் நீட்டினாள். அந்தப் பெண் ஒரு கணம் கணவனைப் பார்த்துவிட்டுக் குழந்தையைக் கொடுத்தாள்.

தலையில் தண்ணீர் பட்டதும் அவன் ஊரே அதிர அழுதான். நல்ல குரல். பன்யாவுக்கு அவனை அப்போதே பிடித்துப்போனது. அப்பன் மேல் இருந்த ஆத்திரத்தில் ஒரு துளிகூட அவன் மேல் வரவில்லை. அவள் முதுகைத் தட்டத் தட்ட அழுகை அடங்கி, அவள் தோளிலேயே தூங்கிப்போனான்.

விருந்து கவர்னர் வீட்டு முற்றத்தில். முழுப் பன்றி நெருப்பில் பொன்னாகச் சிவந்துகொண்டிருந்தது, மேசை மேசையாக நூடுல்ஸ். புகைப்படத்துக்காக லியாண்ட்ரோ பன்யாவின் பக்கத்தில் வந்து நின்றார். பற்கள் தெரிய, உதடு அசையாமல் பேசினார்.

"நீங்க வருவீங்கன்னு நான் நெனைக்கல."

"புள்ள என்ன மசோதாவா கொண்டுவந்தான், அவன்மேல எனக்கென்ன வருத்தம்? இனிமே நீங்க எனக்குக் கும்பாரே, நான் உங்களுக்குக் குமாரே. பெத்தவனுக்கும் ஞானத்தாய்க்கும் உள்ள உறவு. சாகுறவரைக்கும் போகாது."

"அப்ப இனிமேலாவது எனக்கு எதிரா நிக்க மாட்டீங்க."

"நிப்பேன். அக்டோபர்ல கவர்னர் பதவிக்கு மனு போடுறேன். அந்தச் சம்மதக் கையெழுத்து யார் போடணும்னு நீங்கதான எழுதி வச்சிருக்கீங்க?"

லியாண்ட்ரோ முகத்தில் ஈயாடவில்லை. புகைப்படக்காரன் வேறு, ஐயா சிரிங்க ஐயா என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"உங்கள ஒண்ணுமில்லாம ஆக்கிருவேன்" என்றார் லியாண்ட்ரோ.

"ஆக்குங்களேன். மேடைக்கு மேடை ஏறி, சொந்தப் புள்ளையோட ஞானத்தாயத் திட்டுங்க. குமாரேயத் திட்டுறவனுக்கு இந்த மாகாணத்துல யார் ஓட்டுப் போடுறாங்கன்னு பாப்போம். இந்த உறவக் கேட்டு என் வீட்டுப் படியேறி வந்தது நீங்க."

பேச்சுக் குரலில் குழந்தை விழித்துக்கொண்டான். பன்யா அவன் நெற்றியில் முத்தமிட்டு, அப்பன் கையில் பத்திரமாக வைத்தாள்.

"புடிங்க கும்பாரே. புள்ள வளந்ததும் நீச்சல் சொல்லிக் குடுங்க. கடல் இருக்கும்."